அக்டோபரில் பலிக்காத ஆருடங்கள்

பேஸ்பால் மேஜர் லீக்கின் இறுதித் தொடரான 2025 வேர்ல்டு சீரிஸின் ஏழு ஆட்டங்களையும் கூட்டிப் பார்த்தால் டொராண்டோ புளூ ஜேஸ் எடுத்த ரன் 34, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் எடுத்தது 26. கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது, ஏழில் நான்கு ஆட்டம் ஜெயித்த டாட்ஜர்ஸ்.

அந்தத் தொடருக்கு முன்னால் இரண்டு நண்பர்கள் ஆளுக்கொரு அணியைச் சொல்லியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ஒவ்வொரு அக்டோபரிலும் எங்கு பார்த்தாலும் நடக்கிற சமாச்சாரம் இது. தோற்றவர் ஒரு வேளை சாப்பாடு வாங்கித் தரவேண்டும், பெரும்பாலும் அவ்வளவுதான் பந்தயம். டாட்ஜர்ஸ் என்று சொன்னவர் ஆட்டம் முடிந்ததும், “நான் அப்பவே சொன்னேன்ல?” என்று கேட்டிருப்பார். சொன்னார்தான். ஆனால் அவருக்கு என்ன தெரிந்திருந்தது?

ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது, வழக்கமாகக் கடைசி, இன்னிங்ஸைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். டொராண்டோ 4-3 என்று முன்னால் இருக்கிறது. இன்னும் இரண்டு அவுட் எடுத்தால் 1993-க்குப் பிறகு முதல் கோப்பை. பேட்டோடு வந்து நிற்பவர் டாட்ஜர்ஸின் மிகுவேல் ரோஹாஸ். 36 வயது. தடுப்பாட்டத்துக்காக அணியில் வைத்திருக்கும் ஆள், வேலி தாண்ட ஹோம் ரன் அடிப்பார் என்று யாரும் எதிர்பார்க்கிறவர் கிடையாது. டொராண்டோவின் ஜெஃப் ஹாஃப்மன் வீசிய பந்தை அவர் இடப்பக்க வேலிக்கு மேலே அனுப்பினார். 4-4.

அதே இன்னிங்ஸின் இரண்டாம் பாதியில் டொராண்டோவுக்கு மூன்று பேஸிலும், அதாவது ஓடுகிறவர் ஹோமுக்குத் திரும்பும் வழியில் தொடவேண்டிய மூன்று முனைகளிலும் ஆள். மூன்று அவுட்டில் ஒன்றுதான் ஆகியிருந்தது. ஒரு ரன் வந்தால் கதை முடிந்தது. தரையோடு வந்த பந்தை அதே ரோஹாஸ் தடுமாறிப் பிடித்து ஹோமுக்கு எறிந்தார். மூன்று பேஸிலும் ஆள் இருப்பதால், ஓடிவருபவருக்கு முன்னால் கேட்சர் பந்தோடு ஹோமிலுள்ள பிளேட்டை மிதித்துவிட்டால் அவுட். கேட்சர் வில் ஸ்மித்தின் கால் ஒரு கணம் பிளேட்டைவிட்டு எழுந்து மறுபடி பதிந்தது. பதிந்த பிறகுதான் ஓடிவந்தவரின் கால் வந்து சேர்ந்தது. ரீப்ளே பார்த்துத்தான் அவுட்டை உறுதி செய்தார்கள். அடுத்த பந்து பின்வேலியை நோக்கிப் பறந்தது. சற்று முன்புதான் மாற்று ஆளாக உள்ளே வந்திருந்த ஆண்டி பாஹேஸ், சக ஆட்டக்காரர் மேலேயே மோதிக்கொண்டு அதைப் பிடித்தார். சமநிலையால் நீண்ட ஆட்டத்தின் பதினொன்றாவது இன்னிங்ஸில் ஸ்மித் ஒரு ஹோம் ரன் அடிக்க, 5-4.

டாட்ஜர்ஸ் பக்கம் நின்ற நண்பர் ஸ்மித்தின் கால் எப்போது பதியும் என்று கணக்குப் போட்டிருக்க முடியாது. டொராண்டோ என்று சொன்னவருடைய காரணங்கள் எதுவும் அந்தக் காலால் பொய்யாகிவிடவும் இல்லை. எட்டு ரன் அதிகம் எடுத்த அணியைத்தான் அவர் சொல்லியிருந்தார். பழைய உதாரணமும் உண்டு: 1960-ல் நியூயார்க் யாங்கீஸ் ஏழு ஆட்டங்களில் 55 ரன் எடுத்தது, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 27. பில் மசரோஸ்கி கடைசி இன்னிங்ஸில் அடித்த ஹோம் ரன்னில் கோப்பை பிட்ஸ்பர்க்குக்குப் போய்விட்டது.

பேஸ்பால் பிளேஆஃபில் யார் ஜெயிப்பார் என்பது பாதிக் கேள்விதான். அதை எவ்வளவு நிச்சயத்தோடு சொல்கிறாய் என்பது மீதிப் பாதி. இருவரில் யாருக்கு ஆட்டம் பிடிபட்டிருக்கிறது என்பது அந்த மீதியில்தான் தெரியவரும். அது ஏன் என்று புரிய, இந்த விளையாட்டின் அக்டோபர் எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

மேஜர் லீக்கில் 30 அணிகள். அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று பக்கத்துக்குப் பதினைந்து. ஒவ்வொரு அணியும் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசிவரை 162 ஆட்டம் ஆடும். 2022-லிருந்து ஒவ்வொரு லீக்கிலும் ஆறு அணிகள், ஆக 12 அணிகள் பிளேஆஃபுக்குப் போகின்றன. லீக்குக்கு இரண்டு அணிகளுக்கு முதல் சுற்றில் ஓய்வு. மற்றவர்கள் மூன்று ஆட்டங்கள் கொண்ட வைல்டு கார்டு தொடரில் மோதவேண்டும். அடுத்தது ஐந்து ஆட்ட டிவிஷன் சீரிஸ், அப்புறம் ஏழு ஆட்ட லீக் சாம்பியன்ஷிப், கடைசியில் ஏழு ஆட்ட வேர்ல்டு சீரிஸ். எந்தத் தொடரிலும் பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்களை முதலில் ஜெயிப்பவருக்கே வெற்றி. மொத்தம் 11 தொடர்கள். ஐபிஎல்லில் முதல் இரண்டு இடத்தில் முடித்தவர்களுக்கு ஒருமுறை தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. இங்கே அந்தச் சலுகையெல்லாம் கிடையாது. ஒரு தொடர் போனால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1968 வரைக்கும் லீக்கில் முதலாவதாக வந்த இரண்டு அணிகள் நேராக வேர்ல்டு சீரிஸில் மோதின. அன்றைக்குப் பந்தயம் கட்டியவர்கள் ஒரே ஒரு தொடரைச் சொன்னால் போதும். 1969-ல் ஒரு சுற்று கூடியது, 1995-ல் இன்னொன்று, 2012-ல் ஒற்றை ஆட்டமாக ஒரு வைல்டு கார்டு சுற்று, 2022-ல் அதுவும் முழுத் தொடராகிவிட்டது. சுற்று கூடக்கூட டிக்கெட்டும் டிவி வருமானமும் கூடும், நல்ல அணி வழியில் எங்கோ தடுக்கி விழும் வாய்ப்பும் கூடும்.

11 தொடர்களுக்கும் வெற்றியாளரை முன்கூட்டியே எழுதி வைப்பதென்றால் 2,048 விதமாக எழுதலாம். ஒவ்வொரு தொடரையும் நூற்றுக்கு அறுபது தடவை சரியாகச் சொல்லிவிடும் கெட்டிக்காரர் ஒருவர் இருந்தால்கூட, பதினொன்றையும் ஒரே வருடத்தில் சரியாகச் சொல்வது அவருக்குக் கிட்டத்தட்ட 275-ல் ஒரு தடவைதான் வாய்க்கும். பேஸ்பாலில் அறுபது என்பதே தாராளமான மதிப்பு.

100 ஆட்டம் ஜெயித்த அணியும் 90 ஆட்டம் ஜெயித்த அணியும் மோதினால் என்ன ஆகும்? பேஸ்பால் புள்ளிவிவரங்களின் தாத்தா என்று சொல்லத்தக்க பில் ஜேம்ஸ் இதற்கொரு சூத்திரம் வகுத்திருக்கிறார். அதன்படி பொதுவான மைதானத்தில் முதல் அணி ஜெயிக்கும் வாய்ப்பு 56 சதவீதம். ஆறு மாதத்தில் பத்து ஆட்ட வித்தியாசம் என்பது இந்த விளையாட்டில் பெரிய இடைவெளி. அது ஒற்றை ஆட்டத்தில் ஆறு சதவீதப் புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது.

55 சதவீதம் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். மூன்று ஆட்டத் தொடரில் நல்ல அணி ஜெயிக்கும் வாய்ப்பு 57 சதவீதம், ஐந்தில் 59, ஏழில் 61. தொடரை நீட்டியதால் கிடைத்த லாபம் இவ்வளவுதான். முதல் சுற்றில் ஓய்வு பெற்ற அணி மூன்று தொடர்களையும் ஜெயிக்கவேண்டும். பெருக்கினால் 22 சதவீதம். ஓய்வு கிடைக்காத அணி அதே தரத்தில் இருந்தாலும் 13-க்குக் கீழே. அதாவது ஒவ்வொரு சுற்றிலும் எதிராளியைவிடக் கை ஓங்கியிருக்கும் அணியே ஐந்தில் நான்கு வருடம் கோப்பை இல்லாமல் திரும்பிவிடும்.

2018-ல் மூன்று அமெரிக்கப் புள்ளியியல் ஆய்வாளர்கள் நான்கு பெரிய விளையாட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். என்பிஏ கூடைப்பந்தில் ஏழு ஆட்டத் தொடரில் நல்ல அணி எத்தனை அடிக்கடி ஜெயிக்கிறதோ, அதே அளவு பேஸ்பாலிலும் ஜெயிக்கவேண்டும் என்றால் தொடர் எவ்வளவு நீளமாக இருக்கவேண்டும் என்று கேட்டார்கள். விடை 75 ஆட்டங்கள். அக்டோபரில் தொடங்கினால் ஒரு தொடர் முடியவே பொங்கல் வந்துவிடும்.

கூடைப்பந்தில் முடிவதும் இதில் முடியாததும் ஏன்? கூடைப்பந்தில் ஆகச்சிறந்த ஆட்டக்காரர் கையில் ஒவ்வொரு முறையும் பந்தைக் கொடுக்கலாம். பேஸ்பாலில் பேட்டிங் வரிசை என்று ஒன்று உண்டு, அதைத் தாண்ட முடியாது. டாட்ஜர்ஸின் நட்சத்திரம் ஷோஹேய் ஓதானியாகவே இருந்தாலும் ஓர் ஆட்டத்தில் நான்கைந்து தடவைதான் பேட் பிடிக்க வருவார். கடைசி அவுட்டின்போது வரிசைப்படி யார் வருகிறாரோ அவர்தான் வருவார், அது ரோஹாஸாகவும் இருக்கும். அதோடு உருண்டையான பந்தை உருண்டையான கட்டையால் அடிக்கிறார்கள். மட்டை அரை விரல் மேலே பட்டால் தரையில் உருளும், கீழே பட்டால் வானத்துக்குப் போகும். நன்றாக அடித்த பந்து நேராகத் தடுப்பாளர் கைக்குப் போய்விடும், மட்டை உடைந்து மொண்ணையாகப் போன பந்து ஆளில்லாத இடத்தில் விழும். 2001 வேர்ல்டு சீரிஸ் அப்படித்தான் முடிந்தது. அந்தக் காலத்தில் கடைசி இன்னிங்ஸை முடித்துவைப்பதில் நிகரில்லாத, யாங்கீஸின் மரியானோ ரிவேராவின் பந்தில் லூயிஸ் கொன்சாலஸ் மொண்ணையாகத் தட்டிய ஒன்று, உள்வட்டத் தடுப்பாளர்களின் தலைக்குச் சற்று மேலே போய் விழுந்தது. அரிசோனாவுக்குக் கோப்பை.

மோசமான அணியும் இந்த விளையாட்டில் நிறைய ஜெயிக்கும். 2024-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 ஆட்டம் தோற்றது, நவீன காலத்தில் யாரும் அத்தனை தோற்றதில்லை. அந்த அணிகூட 41 ஆட்டம் ஜெயித்தது. நல்ல அணி என்றாலும் வருடத்துக்கு அறுபது தடவை தோற்கும். அந்தத் தோல்விகளில் மூன்று அக்டோபர் முதல் வாரத்தில் அடுத்தடுத்து வந்துவிட்டால் வருடம் முடிந்தது.

இதற்கு வரலாற்றில் சாட்சிகள் ஏராளம். 1906-ல் சிகாகோ கப்ஸ் 116 ஆட்டம் ஜெயித்து, பேட்டிங்கே வராது என்று கேலி செய்யப்பட்ட ஒயிட் சாக்ஸிடம் வேர்ல்டு சீரிஸில் தோற்றது. 2001-ல் அதே 116-ஐத் தொட்ட சியாட்டில் மரினர்ஸ் வேர்ல்டு சீரிஸையே எட்டவில்லை, இன்றுவரை எட்டவில்லை. இதன் எதிர்முனையில் 2006 செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ்: 83 வெற்றி, 78 தோல்வி, கோப்பை. 2022-ல் 111 ஆட்டம் ஜெயித்த டாட்ஜர்ஸை 89 ஆட்டம் ஜெயித்த சான் டியாகோ பாட்ரேஸ் வெளியேற்றியது. 2023-ல் 104 வெற்றி பெற்ற அட்லாண்டா, 101 பெற்ற பால்டிமோர், 100 பெற்ற டாட்ஜர்ஸ் மூன்றும் தங்கள் முதல் தொடரிலேயே காலி. அந்த வருட வேர்ல்டு சீரிஸில் மோதியவை 90 வெற்றி பெற்ற டெக்சஸ் ரேஞ்சர்ஸும் 84 வெற்றி பெற்ற அரிசோனாவும். இரண்டுமே தங்கள் பிரிவில் முதலிடம் பெறாமல் வைல்டு கார்டில் நுழைந்தவை.

அப்படியானால் எல்லாம் காசு சுண்டுவதுதானா? அப்படியும் சொல்லமுடியாது. 162 ஆட்டம் ஆடிய அணியும் அக்டோபரில் ஆடும் அணியும் பெயரளவில்தான் ஒன்று, அதைக் கவனிப்பவருக்குக் கொஞ்சம் பலன் உண்டு. சீசன் முழுக்க ஐந்து பிட்சர்கள், அதாவது பந்து வீசுகிறவர்கள், முறை வைத்து ஆட்டத்தைத் தொடங்குவார்கள். பிளேஆஃபில் இடையிடையே ஓய்வு நாள் வருவதால் மூன்று பேர், மிஞ்சினால் நான்கு பேர் போதும். ஐந்தாவது ஆள் சுமார் என்பதால் செப்டம்பர்வரை அடிவாங்கிய அணிக்கு அக்டோபரில் அந்தக் குறை மறைந்துபோகும். முதல் இரண்டு பிட்சர்கள் அசாத்தியமானவர்கள் என்றால் அவர்களை வைத்தே கரையேறிவிடலாம். மேலே சொன்ன 2001 அரிசோனாவில் ராண்டி ஜான்சனும் கர்ட் ஷில்லிங்கும் செய்தது அதுதான். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதை இருவருக்கும் சேர்த்தே கொடுத்தார்கள்.

2014 வேர்ல்டு சீரிஸில் சான் பிரான்சிஸ்கோவின் மேடிசன் பம்கார்னர் இதன் உச்சம். ஐந்தாவது ஆட்டத்தை முழுதாக வீசிவிட்டு, இரண்டே நாள் ஓய்வில் ஏழாவது ஆட்டத்தின் நடுவில் வந்து ஐந்து இன்னிங்ஸ் வீசினார், ஒரு ரன் கொடுக்கவில்லை. 2025-ல் டாட்ஜர்ஸின் யோஷினோபு யாமமோட்டோ அதையும் மிஞ்சினார் என்பது என் கட்சி. ஆறாவது ஆட்டத்தில் ஆறு இன்னிங்ஸ் வீசியவர், மறுநாளே ஒன்பதாவது இன்னிங்ஸில் வந்து ஆட்டம் முடியும்வரை வீசினார். மேலே சொன்ன, மூன்று பேஸிலும் ஆள் நின்ற அந்தக் கட்டத்தில் பந்து வீசியவர் அவர்தான். அப்படி ஒருவர் தோள் தாங்கும் என்று யாராவது அக்டோபர் முதல் தேதியே எழுதியிருந்தால் அது கணிப்பில் சேராது, வேண்டுதலில் சேரும். ஆனால் டாட்ஜர்ஸிடம் நான்கு முதல்தரப் பிட்சர்கள் உடல்நலத்தோடு இருக்கிறார்கள் என்பதைப் பார்த்து, சீசனில் அவர்கள் 93 ஆட்டம்தான் ஜெயித்தார்கள் என்பதைச் சற்றுத் தள்ளி வைத்தவர் சரியான இடத்தில்தான் கண் வைத்திருந்தார்.

சொந்த மைதானமும் ஒரு காரணிதான், ஆனால் சின்னது. 2019 வேர்ல்டு சீரிஸில் வாஷிங்டனும் ஹூஸ்டனும் ஆடிய ஏழு ஆட்டங்களிலும் வெளியூர் அணியே ஜெயித்தது.

நண்பர்கள் சண்டையில் அதிகம் அடிபடும் காரணங்கள் வேறு வகை. முதலாவது, ‘ஓட்டம்’. செப்டம்பரில் யார் சூடாக இருக்கிறார்களோ அவர்கள் அக்டோபரிலும் ஜெயிப்பார்கள் என்பார்கள். 2000-ல் யாங்கீஸ் கடைசி 18 ஆட்டத்தில் 15 தோற்றுவிட்டுத்தான் பிளேஆஃபுக்குள் வந்தது, வேர்ல்டு சீரிஸையும் ஜெயித்தது. 2006 கார்டினல்ஸும் கடைசி இரண்டு வாரத்தில் தன் முன்னிலையைக் கிட்டத்தட்டக் கோட்டைவிட்டு, தட்டுத்தடுமாறி உள்ளே வந்த அணிதான். சூடான அணிகளும் ஜெயித்திருக்கின்றன, இல்லையென்று யார் சொன்னார்கள்? சூட்டை வைத்து முன்கூட்டிச் சொல்லமுடியவில்லை என்பதுதான் விஷயம்.

இரண்டாவது இன்னும் சுவாரசியம்: ஓய்வு. முதல் சுற்றில் ஓய்வு பெறும் அணிகள் ஐந்து நாள் சும்மா இருப்பதால் பேட்டர்களின் கை துருப்பிடித்துவிடுகிறது, ஓய்வு ஒரு தண்டனை என்று 2023-ல் ஊரெல்லாம் பேச்சு. காரணம் இருந்தது. 2022-ல் ஓய்வு பெற்ற நான்கில் இரண்டு தோற்றன, 2023-ல் நான்கில் மூன்று. விதியை மாற்றவேண்டும் என்றுகூடச் சிலர் கேட்டார்கள். 2024-ல் ஓய்வு பெற்ற நான்கில் மூன்று ஜெயித்தன. 2025-லும் நான்கில் மூன்று. துருப்பிடித்த கதையை அப்புறம் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. நான்கு வருடத்தையும் கூட்டினால் 16 தொடர்களில் 9 வெற்றி, 7 தோல்வி, அதாவது 56 சதவீதம். சாதாரணமாக ஒரு நல்ல அணியிடம் எதிர்பார்க்கவேண்டியது எதுவோ அதுவேதான். ஓய்வால் வரமும் இல்லை, சாபமும் இல்லை. ஒரு சுற்றில் தோற்கும் ஆபத்து இல்லாமல் போகிறது, அது ஒன்றே போதிய பரிசு.

மூன்றாவது, ‘அந்த அணிக்கு அக்டோபர் ராசியில்லை’ என்பது. இதற்குப் பலியானது ஓக்லாந்து அத்லெடிக்ஸ். 2000 முதல் 2003 வரை நான்கு வருடம் தொடர்ந்து முதல் சுற்றில், ஒவ்வொரு முறையும் ஐந்தாவது ஆட்டத்தில் தோற்றது. இன்னும் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தால் போதும் என்ற நிலையில் அந்த நான்கு வருடத்தில் ஒன்பது ஆட்டம் ஆடி ஒன்பதிலும் தோற்றது. குறைந்த பணத்தில் புள்ளிவிவரத்தை வைத்து அணி கட்டுவது சீசனுக்குச் சரிப்படும், பிளேஆஃபுக்குச் சரிப்படாது என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். 2001-ல் மூன்றாவது ஆட்டம் எப்படிப் போனது என்று பார்த்தால் அந்தத் தத்துவத்தின் கனம் தெரியும். யாங்கீஸ் 1-0 முன்னிலை. ஓக்லாந்தின் ஜெரமி ஜியாம்பி ஹோமை நோக்கி ஓடி வருகிறார். வெளிவட்டத்திலிருந்து வந்த எறி இடையில் நிற்கும் இருவருக்கும் மேலே போய்விட்டது. எங்கிருந்தோ குறுக்கே ஓடிவந்த யாங்கீஸின் டெரெக் ஜீட்டர் அந்தப் பந்தை எடுத்துப் பக்கவாட்டில் கேட்சரிடம் தட்டிவிட்டார். ஜியாம்பி சறுக்கிப் பாயாமல் நின்றபடியே ஓடிவந்தார். அவுட். அந்த ஆட்டம் 1-0 என்றே முடிந்தது. முதல் இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்திருந்த ஓக்லாந்து தொடரைத் தோற்றது. ஜீட்டர் அங்கே இருந்தது அவருடைய திறமை, சந்தேகமில்லை. அதற்கும் ஓக்லாந்து அணியைக் கட்டிய முறைக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அணியைச் சொன்னால் மட்டும் போதாது, எத்தனை ஆட்டத்தில் என்றும் சொல்லவேண்டும் என்பது இந்தப் பந்தயங்களின் வழக்கம். “டாட்ஜர்ஸ், ஆறில்” என்பார்கள். கேட்க ஏதோ ஆழமாக யோசித்த மாதிரி இருக்கும். உண்மையில் ஆறு என்பது பத்திரமான எண். ஒற்றை ஆட்டத்தில் 55 சதவீத வாய்ப்புள்ள அணி நான்கில் முடிக்க 9 சதவீதம், ஐந்தில் 16, ஆறில் 19, ஏழில் 17. நல்ல அணியைத் தேர்ந்தெடுத்தவர் ஆறு என்று சொல்வதே லாபம். பலவீனமான அணியைச் சொல்பவருக்கு ஏழு லாபம், ஏனென்றால் அந்த அணி ஜெயித்தால் இழுத்துப் பறித்து ஜெயிக்கவே அதிக வாய்ப்பு. நான்கே ஆட்டத்தில் முடியும் என்பவர் ஒன்று அந்த அணியின் ரசிகர், இல்லையென்றால் எதிராளியை வெறுப்பேற்றுகிறவர்.

சரி, இருவரில் யார் கெட்டிக்காரர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வருடத்துக்கு ஒரு சாம்பியன் பெயரை மட்டும் எழுதி வைத்தால் வாழ்நாளே போதாது. ஒருவர் ஒவ்வொரு வருடமும் 22 சதவீத வாய்ப்புள்ள அணியை எடுக்கிறார், மற்றவர் 10 சதவீத வாய்ப்புள்ள அணியை எடுக்கிறார். முதலாமவர் இரண்டு மடங்குக்கு மேல் நல்ல கணிப்பாளர். பத்து வருடம் கழித்துப் பார்த்தால்? இரண்டாமவர் சமமாகவோ முன்னாலோ இருக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அதற்குள் எத்தனை சாப்பாடு வாங்கித் தந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு வானிலைக்காரர்களிடம் ஒரு வழி இருக்கிறது. நாளை மழை வரும் என்று சொல்வதைவிட 70 சதவீதம் வாய்ப்பு என்று சொல்வது நேர்மை, ஆனால் அப்படிச் சொன்னவருக்கு மதிப்பெண் போடுவது எப்படி? 1950-ல் கிளென் பிரையர் என்ற அமெரிக்க வானிலை ஆய்வாளர் எளிய முறை ஒன்றைச் சொன்னார். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. அதற்கும் நீங்கள் சொன்ன வாய்ப்புக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்தவேண்டும். 80 சதவீதம் என்று சொல்லி நடந்துவிட்டால் 0.2-ன் வர்க்கம், 0.04 அபராதம். நடக்கவில்லை என்றால் 0.8-ன் வர்க்கம், 0.64. எல்லாவற்றையும் கூட்டினால் யாருக்கு அபராதம் குறைவோ அவரே நல்ல கணிப்பாளர்.

மேலே சொன்ன 16 தொடர்களையே இதில் போட்டுப் பார்க்கலாம். முதல் நண்பர் அடித்துப் பேசுகிறவர்: ஓய்வு பெற்ற அணிதான் ஜெயிக்கும், 80 சதவீதம் என்று ஒவ்வொரு முறையும் எழுதுகிறார். இரண்டாமவரும் அதே அணியைத்தான் சொல்கிறார், ஆனால் தயங்கித் தயங்கி 55 என்று எழுதுகிறார். பேஸ்பால் பற்றி ஒன்றும் தெரியாத மூன்றாவது ஆள் ஒருவர் எல்லாவற்றுக்கும் 50 என்று எழுதிவிட்டுத் தூங்கப் போகிறார். ஒன்பது வெற்றி, ஏழு தோல்வி. முதலாமவருக்கு மொத்த அபராதம் 4.84. இரண்டாமவருக்கு 3.94. தூங்கினவருக்குச் சரியாக 4.

முதல் இருவரும் பதினாறு தடவையும் ஒரே அணியைத்தான் சொன்னார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். வெறும் பெயர்களை மட்டும் எண்ணினால் ஒன்பதுக்கு ஒன்பது, சமம். அடித்துப் பேசியவர் ஒன்றும் தெரியாதவரைவிடப் பின்தங்கிப் போனார். இரண்டாமவர் முன்னால் வந்தது ஒரு மயிரிழையில்தான், அதையும் மறைக்கவேண்டியதில்லை. இந்த விளையாட்டில் அறிவுக்குக் கிடைக்கும் கூலி அவ்வளவுதான்.

இந்த இடத்தில் யாராவது டாட்ஜர்ஸைக் காட்டுவார்கள். 2024, 2025 இரண்டு வருடமும் அவர்களே ஜெயித்தார்கள். 1998-லிருந்து 2000 வரை யாங்கீஸ் மூன்று முறை தொடர்ந்து ஜெயித்த பிறகு கோப்பையைத் தக்கவைத்த முதல் அணி. பணம் கொட்டினால் ஆருடம் பலிக்கும் என்று வாதிடலாம். பணம் வாய்ப்பை உயர்த்தும், மறுக்கமுடியாது. ஆனால் 2024-ல் அவர்கள் டிவிஷன் சீரிஸிலேயே சான் டியாகோவிடம் 1-2 என்று பின்தங்கி, இன்னும் ஒரு தோல்வியில் வெளியேறும் நிலையில் நின்றார்கள். 2025-ல் என்ன நடந்தது என்று பார்த்தாயிற்று. இரண்டும் சறுக்கியிருந்தால் அதே பணத்தை வைத்து, பணத்தால் கோப்பையை வாங்கமுடியாது என்று கட்டுரை எழுதியிருப்பார்கள்.

பந்தயம் கட்டியே ஆகவேண்டும் என்கிற இரண்டு பேருக்குச் சதவீதக் கணக்கு சலிப்பாக இருந்தால் இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. 12 அணிகளை ஆளுக்கு ஆறாகப் பங்குபோட்டுக்கொள்வது. முதலில் எடுப்பவர் ஒன்று எடுத்தால் அடுத்தவர் இரண்டு எடுக்கட்டும், பிறகு முதலாமவர் இரண்டு, இப்படியே மாறி மாறி, கடைசி ஒன்று முதலாமவருக்கே. கோப்பை எப்படியும் இருவரில் ஒருவருடைய அணிக்கு வந்தே தீரும், இருவருமே ஒரே அணியைச் சொல்லிவிட்டு முழிக்கும் நிலை வராது. எடுக்கும்போது ஓய்வு பெற்ற நான்கு அணிகளை முதலில் பாருங்கள், அதற்கப்புறம் முதல் மூன்று பிட்சர்களின் உடல்நிலையைப் பாருங்கள், செப்டம்பர் வெற்றிகளைக் கடைசியில் வையுங்கள். சொந்த ஊர் அணியை மூன்றாவது சுற்றுக்கு முன்னால் எடுக்கக்கூடாது என்று ஒரு விதி போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. எதிராளி அதற்குள் அதைத் தட்டிக்கொண்டு போய்விடுவார் என்பதுதான் ஒரே சங்கடம்.